ஆர்ட்டின் ஏஸ், ஆர்ட்டின் அஞ்சு

“ஆர்ட்டின் ஏஸும் ஆர்ட்டின் அஞ்சும் வந்தா ஆடலாமா, வீசிடலாமா? இதையா அவகிட்ட போய்க் கேக்கறீங்க?”

முதுகுக்குப் பின்னால் மனைவியின் குரல் கேட்டதும் அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். கம்ப்யூட்டர் திரையை மறைக்க நேரமில்லை. யாருடையதோ ஒரு பேன்ட்டுக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருந்தவள், அதைக் கையில் பிடித்தபடியே வந்து நின்றிருந்தாள்.

“சும்மா ஒரு சந்தேகம்” என்றார்.

“சந்தேகமா? உங்களுக்கா?”

அவர் முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். வேலையில்லாத நேரமெல்லாம் மோட்டார் அறையில் போக்கர் ஆடிக் கைதேர்ந்தவர். ஓய்வு பெற்றபின், இந்த மூன்று மாதமாக, காலை பத்து மணி ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். ஒவ்வொரு சுற்றுக்கும் பந்தயம் இவ்வளவுதான் என்று வரம்பு வைத்து ஆடுகிற லிமிட் போக்கர். காசு கிடையாது, வெறும் புள்ளிகள்தான்.

அவளை உறுத்தியது ஆட்டம் இல்லை. தினமும் அதே மேசைக்கு வந்து உட்காரும் ‘நீலக்குடை’. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது ஒரு பெண் என்பதை இரண்டாவது வாரமே கண்டுபிடித்துவிட்டாள்.

வீட்டில் பனியனோடு திரிகிற மனுஷர், ஒன்பதே முக்காலுக்கு இஸ்திரி போட்ட சட்டையை மாட்டித் தலை வாரிக்கொள்கிறார். கம்ப்யூட்டரில் முகம்கூடத் தெரியாது. போன வாரம் ஒருநாள் நீலக்குடை வரவில்லை. அன்று சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். மறுநாள், “வறட்டு இருமலுக்கு என்ன பண்ணலாம்?” என்று அவளிடமே கேட்டு, அவள் சொன்ன கைவைத்தியத்தை வரி விடாமல் அங்கே எழுதினார்!

திரையில் பதில் வந்து விழுந்தது. அவள் குனிந்து படித்தாள்.

‘முதல் ஆளா பேச வேண்டிய இடத்துல இருந்தா வீசிடுங்க சார். கடைசி இடத்துல இருந்து, முன்னாடி நாலஞ்சு பேர் உள்ள வந்திருந்தா ஆடுங்க. லிமிட்ல பெரிசா வச்சு யாரையும் மிரட்ட முடியாது. அதனால கூட்டம் இருக்கணும். அப்பதான் அஞ்சு ஆர்ட்டின் சேர்ந்தா அதுக்கு ஏத்த பலன் கிடைக்கும்.’

அவர் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். ஆனாலும் விரல் சும்மா இருக்கவில்லை. ‘இன்னொரு ஏஸ் வந்து ஜோடி சேர்ந்துட்டா?’

‘அதுதான் ஆபத்து. வேற யார்கிட்டயாவது ஏஸும் ராஜாவும் இருந்தா உங்க அஞ்சு நிக்காது. ஏஸைப் பார்த்ததும் மயங்கிடாதீங்க.’

“ஆகா! யாரு மயங்கறதுன்னு நல்லாத் தெரியுது” என்றாள் மனைவி. “இதையெல்லாம் எனக்குக் கத்துக்கொடுத்ததே நீங்கதானே? ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி எத்தனை நாளா நடிக்கிறீங்க?”

“மெதுவா பேசேன்.”

“ஏன், அவளுக்குக் கேட்டுடுமா?” அவள் பேன்ட்டைக் கட்டில்மேல் எறிந்தாள். “பொண்ணு தனக்குப் பிடிச்சவனைக் கட்டிக்கிட்டுப் போன அன்னைக்கு, அவளோட உக்காந்து ஆடின சீட்டுக்கட்டைக் கொண்டுபோய்க் குப்பையில போட்டீங்க. இனிமே அவ பேச்சையே எடுக்கக் கூடாதுன்னீங்க. நாலு வருஷம்! நானும் வாயை மூடிக்கிட்டுத்தான் இருக்கேன். பெத்த பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேச வாய் வரலை, ஊர் பேர் தெரியாத எவளோ ஒருத்திகிட்ட மட்டும் வருதா?”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

அதுதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. “எழுந்திருங்க” என்றாள். “எழுந்திருங்கங்கறேன்!”

நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினாள்.

‘நான் இவர் மனைவி. இவருக்கு இந்த ஆட்டம் தலைகீழ்ப் பாடம். உன்கிட்ட பேசணும்கிறதுக்காகவே தெரியாத மாதிரி கேட்டுக்கிட்டு இருக்கார்.’

“அனுப்பாதே” என்றார் அவர். “உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன். இது தெரிஞ்சா அவ எழுந்து போயிடுவா. போனா திரும்ப வரவே மாட்டா.”

இத்தனை வருடத்தில் அவர் கெஞ்சி அவள் கேட்டதே இல்லை. அதுவே அவளைச் சுட்டது. பட்டென்று தட்டி அனுப்பிவிட்டாள்.

மேசையில் மற்றவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். நீலக்குடையின் முறை வந்தது. அவள் ஆடவில்லை. அடுத்த முறையும் வந்தது. அப்போதும் ஆடவில்லை.

“போயிட்டா” என்றார் அவர். நாற்காலியின் முதுகைப் பிடித்தபடியே நின்றார்.

‘நீலக்குடை எழுதுகிறார்’ என்று திரையின் அடியில் வந்தது. மறைந்தது. மறுபடி வந்தது. கொஞ்சம் அதிகப்படியாகப் போய்விட்டோமோ என்று மனைவிக்கே தோன்றியது.

கடைசியில் பதில் வந்தது.

‘தெரியும்மா. முதல் நாளே தெரியும். அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதே, அப்புறம் கேக்கறதை நிறுத்திடுவாரு.’