பதினோரு நாள் தாமதம்

கட்டுமான மேலாண்மை முதுகலையின் வாய்மொழித் தேர்வு. மாணவியின் ஆய்வேட்டில் இருந்த தாமதப் பட்டியலில் பேராசிரியர் விரலை ஊன்றினார்.

“இதென்னம்மா, பதினோரு நாள் தாமதம்?”

“ஒரு கொத்தனார் சாரத்திலேர்ந்து விழுந்து செத்துட்டார் சார்.”

“ஒரு ஆள் போனா பதினோரு நாளா? மறுநாளே மாத்தாள் போட்டு வேலையை ஓட்ட வேண்டாமா? ரெண்டு வருஷமா என்னத்தைப் படிச்சுக் கிழிச்சே?”

“மறுநாளே ஆள் போட்டுட்டாங்க சார். கட்டடமும் சொன்ன தேதிக்கு முடிஞ்சிடுச்சு.”

“அப்ப எதுதான் தாமதம்? காரணம் எழுத வேண்டிய கட்டத்தையும் காலியா விட்டிருக்கே!”

“அப்பா செத்துட்டார்னு எங்க வீட்டுக்குத் தகவல் வர பதினோரு நாள் ஆச்சு சார். ஏன்னு கேட்டா, இன்னிக்கு வரைக்கும் யாரும் வாயைத் திறக்கல. நானா என்ன காரணத்தை எழுதறது?”