உள்ளேன், டீச்சர்

ஆலமரத்துப் பள்ளியில் பெயர் கூப்பிடும் நேரம் வந்தாலே அணிலுக்குப் பயம். ‘உள்ளேன், ஐயா’ என்று சொல்ல வேண்டும். அணிலுக்கு ‘உ’ வரும். மிச்சம் புளியங்கொட்டைபோலத் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். அதற்குள் காக்கை வாத்தியார் ‘ஆப்சென்ட்’ போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் பறந்துவிடுவார். தினமும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தும், பதிவேட்டின்படி அணில் ஒரு மாதமாகப் பள்ளிக்கே வரவில்லை. இன்னும் ஒரு நாள் போனால் பெயரையே அடித்துவிடுவார்கள்.

அன்று காக்கை மாற்றலாகிப் போய், கொக்கு டீச்சர் வந்திருந்தார்.

“அணில்!”

“உ... உ...”

பக்கத்திலிருந்த கிளி முந்திக்கொண்டது. “அவனுக்குப் பேச வராது, டீச்சர். அவன் உள்ளான்னு நானே சொல்லிடுறேன்.”

“நான் உன்னைக் கூப்பிடலையே, கிளி.”

டீச்சர் ஒற்றைக் காலில் நின்றார். பதிவேட்டின் மேல் பிடித்த பென்சில் அசையவில்லை. வகுப்பு நெளிந்தது; யாரோ சிரித்தார்கள். எந்த நொடியில் அந்தப் பென்சில் இறங்குமோ என்று அணிலுக்கு உயிரே போயிற்று. டீச்சர் நின்றபடியே நின்றார்.

“உ... உ... உள்... உள்ளேன், டீச்சர்.”

அப்புறம்தான் கொக்கு தூக்கிய காலைக் கீழே வைத்தார்.