முன்னால் போகிற வண்டி

க்ரெய்க்கின் நகக்கண்களில் கறுப்பு கிரீஸ் அப்பியிருந்தது. அவன் காரை விட்டு இறங்கியதும் ரோண்டா முதலில் பார்த்தது அதைத்தான்.

"புல்வெட்டுற மெஷின் மக்கர் பண்ணுச்சு," என்றான், அவள் கேட்காமலே.

ரோண்டா கார் பக்கம் திரும்பினாள். அவளுடைய ஒர்க்‌ஷாப் வாசலில் அவன் மாமனார் லியோ ஸ்டாசிக்கின் அறுபத்தொன்பதாம் வருஷத்துக் கார், குளிர் ஜுரம் கண்ட மாடு மாதிரி உடம்பை உதறிக்கொண்டு நின்றது. ஆறு வாரத்தில் இது நாலாவது தடவை.

லியோ அந்தப் பக்கம் மெதுவாக இறங்கினார். வயது எழுபத்தாறு. டெட்ராய்ட் பக்கம் முப்பது வருஷம் என்ஜின் கட்டிய கை. இந்த ஊரில் ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலம் என்றால் தீயணைப்பு வண்டிக்கும் முன்னால் போவது அவர் கார்தான்.

"ஏன், இன்னைக்கு நீங்க ஓட்டலியா?" என்று அவரைக் கேட்டாள் ரோண்டா.

"இந்தச் சத்தத்தோட நான் ஓட்டுவேனா? வயித்தைக் குமட்டுது. அதான் மாப்பிள்ளைகிட்ட குடுத்துட்டேன்."

ரோண்டா காரை எடுத்து ஒரு தெரு சுற்றி வந்தாள். சர்ச் மேட்டில் ஏறும்போது, தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குகிற மாதிரி என்ஜின் தட்டியது. ஸ்டாப் போர்டில் நிறுத்தினால் விக்கி விக்கி அணையப் பார்த்தது.

முதல் தடவை பெட்ரோல் சரியில்லை என்று டாங்கையே காலி செய்து நல்லதாக நிரப்பினாள். இரண்டாம் தடவை எட்டு பிளக்கும் மாற்றினாள். மூன்றாம் தடவைதான் கண்டுபிடித்தாள்: பிளக்குகளுக்கு மின்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரை யாரோ திருகி, பொறி விழும் டைமிங்கைக் கலைத்திருந்தார்கள். சரி செய்து, போல்ட்டை முறுக்கி, மறுபடி யாராவது தொட்டால் தெரியட்டும் என்று அதன் மேல் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்து அனுப்பினாள்.

இப்போது பானெட்டைத் தூக்கினாள். மஞ்சள் கோடு இரண்டாக விலகிக் கிடந்தது. போதாததற்கு கார்புரேட்டருக்கு அடியில் ஒரு ரப்பர் குழாய், கிளிப்பைப் பதமாகத் தளர்த்தி உருவி விடப்பட்டிருந்தது. அவளுக்கு வாயெல்லாம் பழைய பெட்ரோலைக் குடித்த மாதிரி கசந்தது.

குழாயை மாட்டிவிட்டு டைமிங் லைட்டை அடித்தாள். லியோ பக்கத்தில் வந்து குனிந்தார். வெளிச்சத்தில் என்ஜின் சக்கரத்தின் அளவுக் கோடு பளிச்சென்று நின்றது.

"எத்தனை காட்டுது?" என்று கேட்டார்.

"இருபத்திரண்டு டிகிரி. பத்துல இருக்கணும்." ரோண்டா நிமிர்ந்தாள். "உங்க கராஜ் சாவி யார்கிட்டல்லாம் இருக்கு?"

"எங்கிட்ட ஒண்ணு. மாப்பிள்ளைகிட்ட ஒண்ணு."

கையிலிருந்த கந்தல் துணியை ரோண்டா பெஞ்சில் வீசினாள். "ஈஸ்டர் விருந்துல, இந்த வண்டியை டொலிடோ ஊர்க்காரன் ஒருத்தன் கேக்கறான், தள்ளிவிட்டுடலாம்னு சொன்னது நீதானே க்ரெய்க்?"

"சொன்னேன். அதுக்காக..."

"வித்துடுங்கன்னு மூஞ்சிக்கு நேரா சண்டை போட்டிருந்தா உன்னை ஒரு மனுஷன்னு மதிச்சிருப்பேன். ஸ்பேனரை ஒளிச்சு எடுத்துட்டுப் போய்த் திருகறியே, சீ! வயரைக் கடிக்கிற எலிகூட உன்னைவிட யோக்கியம். இன்னும் நாலு மைல் ஓட்டியிருந்தா பிஸ்டன்ல ஓட்டை விழுந்திருக்கும். தெரியுமா உனக்கு?"

க்ரெய்க்கின் காது மடல் சிவந்தது. "டிஸ்ட்ரிபியூட்டர் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது, ரோண்டா."

"உன் நகம் சொல்லுதே!"

அவன் மாமனாரைப் பார்த்தான். "நீங்களாவது சொல்லுங்க மாமா."

லியோ தொப்பியைக் கழற்றி அதன் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தூ, நல்ல குடும்பம்!" க்ரெய்க் தன்னிடமிருந்த கராஜ் சாவியைத் தரையில் விட்டெறிந்தான். நடந்தே வீட்டுக்குக் கிளம்பிவிட்டான்.

ரோண்டாவுக்கு வேலை பத்தே நிமிஷம்தான். டிஸ்ட்ரிபியூட்டரை இம்மி இம்மியாகத் திருப்பி, பத்துக்குக் கொண்டுவந்து இறுக்கினாள். உதறல் நின்றது. ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்துப் பார்த்தாள், தட்டல் சுத்தமாக இல்லை.

"கேளுங்க லியோ, எப்படி இருக்கு! போற வழியில கராஜுக்குப் புதுப் பூட்டு வாங்கிடுங்க. சனிக்கிழமை ஊர்வலத்துல நீங்கதான் முன்னாடி."

அவர் முகத்தில் சிரிப்பு வரவில்லை. பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"ரோண்டா, அதை மறுபடி கலைச்சு வெச்சிடு. இந்தத் தடவை சரி பண்ண முடியலைன்னு ஊர்ல சொல்லிடு. மாப்பிள்ளை கால்ல வேணா நான் விழுந்துக்கறேன்."

அவளுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும் பின்னால் விலகினாள்.

"நீங்களா? சொந்தக் காரை, உங்க கையாலயேவா? அந்த மனுஷனை நான் எலின்னு திட்டறேன், கல்லு மாதிரி கேட்டுக்கிட்டு நின்னீங்களே! அருவருப்பா இருக்கு லியோ. என்னத்துக்கு இந்த ஈனப் பொழப்பு?"

லியோ அவள் குரல் வந்த பக்கமாகத் திரும்பினார்.

"ஊர்ல சொல்ல வெக்கமா இருக்கு. ஓட்டும்போது ரோட்டோரம் நிக்கிற குழந்தைங்க என் கண்ணுக்குத் தெரியலைம்மா."