ஈரத்தோடு மடித்த டெண்ட்

டெண்ட்டை உறையிலிருந்து உருவியதுமே ஜோசலின் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஊரப்பாக்கம் வீட்டு மொட்டைமாடி முழுக்க அழுகல் வாடை.

"சீ! மனுசங்களா இவங்க? ஈரத்தோடயே சுருட்டி வச்சிருக்காங்க."

பிள்ளைகள் நச்சரித்து நச்சரித்துக் கிளம்பும் ஏலகிரிப் பயணம். அவளும் கணவன் ஆபேலும் குடும்பத்தோடு டெண்ட்டில் படுத்ததே இல்லை. என்றைக்கோ ஒருநாள் படுக்க எதற்குப் புதிது என்று, சர்ச்சில் ரத்தினபாய் அக்காவிடம் கேட்டு இரவல் வாங்கி வந்திருந்தாள்.

"அவங்ககிட்ட ஏன் போய்க் கேட்டே?" என்றான் ஆபேல். "பல்லாவரம் சந்தையிலயே சீப்பா ஒண்ணு எடுத்திருக்கலாம்."

"இதுவும் சீப்தாங்க. நல்லாக் காயவச்சு மடிச்சிருந்தா பத்து வருஷம் உழைக்கும். இவங்களுக்கு வச்சுக்கத் தெரியல."

மேல்துணியில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை. உள்ளே காய்ந்து ஒட்டிய பிரியாணிச் சோறு, ஒரு கோழி எலும்பு. ஜிப்பில் நீளமாக முடி சிக்கியிருந்தது. ஜோசலின் இரண்டு விரலால் அதைப் பிய்த்து எறிந்தாள்.

"வாஷிங் மெஷின்ல போட்டுடவா?"

"வேணாம்," என்றான் ஆபேல். "உள்பூச்சு உரிஞ்சிடும். மழை வந்தா ஒழுகும்."

ஆபேலே கம்பிகளைக் கோத்தான். எந்தக் கம்பி எந்த வளையத்தில் என்று தேடவில்லை. பத்தே நிமிடத்தில் டெண்ட் நின்றது.

சோப்புத் தண்ணீர், வினிகர், மறுபடி சோப்புத் தண்ணீர். மதியம்வரை தேய்த்தும் வாடை போகவில்லை. கையை மோந்து பார்த்தாள். கையிலும் அதே நாற்றம்.

"என் பசங்கள இதுல படுக்க வைக்க மாட்டேன். திருப்பிக் குடுத்துட்டு வரேன்."

"நான் குடுத்துக்கறேன், விடு. நீ ஏன் அலையறே?"

"இல்ல, நானே போறேன். நேருக்கு நேரா கேட்டாத்தான் எனக்கு ஆறும்."

சாயங்காலம், காய்ந்த டெண்ட்டைச் சுருட்டி ஸ்கூட்டரில் வைத்துப் பெருங்களத்தூருக்குப் போனாள். கதவைத் திறந்த ரத்தினபாயிடம் வாசலிலேயே ஆரம்பித்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. எலும்பு, சோறு, யாரு முடியோ... தொடவே அருவருப்பா இருந்துச்சு. குடும்பம் நடத்தறவங்க ஒரு பொருளை இப்படியா போட்டு வைப்பீங்க?"

ரத்தினபாயின் முகம் சிறுத்துப்போனது.

"சொல்லக் கூடாதுன்னுதான் பாத்தேன் ஜோசலின். போன டிசம்பர்ல, உன்னையும் பசங்களையும் ஏற்காடு கூட்டிட்டுப் போறேன்னு ஆபேல் தம்பி வாங்கிட்டுப் போச்சே... திருப்பிக் குடுத்ததுலேர்ந்து நாங்க அதைத் தொறக்கவே இல்லம்மா."