துரை சுட்ட சிங்கம்

"நீங்கெல்லாம் ஒரு மனுசனுங்களா? அது நாளைக்குச் சாகப் போகுது. நீங்க வெடி போட்டுக் கொண்டாடறீங்களே!"

இருசாயியின் கத்தல் புளியஞ்சோலை முழுக்கக் கேட்டது. அவள் புருஷன் சென்றாயனுக்கு மட்டும் கேட்கவில்லை. கூண்டைச் சுற்றிப் படுதா கட்டி, யாரையும் கிட்ட விடாமல், உள்ளே ஓலைவெடி கொளுத்திக்கொண்டிருந்தான்.

சர்க்கஸ் கம்பெனி நொடித்துப் போனபோது மிட்டாதார் அர்த்தனாரி வாங்கிய சிங்கம் அது. கூடவே வந்த சென்றாயன், இங்கேயே இருசாயியைக் கட்டிக்கொண்டான். சிங்கத்துக்குப் பல் போய் நாளாகிவிட்டது. குடலைப் பொடியாகக் கொத்திக் களியோடு பிசைந்து அவள்தான் ஊட்டுவாள்.

வெள்ளைக்காரத் துரைக்கு, சீமைக்குத் திரும்புமுன் ஒரு சிங்கம் சுட ஆசை. மிட்டாதாருக்குத் துரையின் சிபாரிசில் ராவ் பகதூர் பட்டம் வாங்க ஆசை. ஆகவே, சிங்கமே இல்லாத கொல்லிமலையில் சிங்கவேட்டை ஏற்பாடாகிவிட்டது.

"வளத்த கையாலயே கூண்டைத் தொறந்து விடப் போறீங்களா?"

"மொதலாளி சொன்னா செய்யோணுமில்ல?" என்றான் சென்றாயன்.

"அப்ப இனிமே என் மூஞ்சில முழிக்காதீங்க."

அன்று ராத்திரி அவனுக்குச் சோறில்லை.

மறுநாள் மலையடிவாரத்தில், பலாமரத்துப் பரண்மேல் துரை துப்பாக்கியோடு உட்கார்ந்தார். கூண்டைத் திறந்து, வெடி போட்டு மிருகத்தைக் கலைத்துவிடுவது சென்றாயன் வேலை.

சிங்கம் வெளியே வந்தது. நின்றது. கொட்டாவி விட்டது.

டமார்!

சிங்கம் பொத்தென்று சாய்ந்தது.

"ஆகா! ஒரே குண்டு! துரை சுட்டுட்டாருடா!" மிட்டாதார்தான் முதலில் கத்தினார். கூட்டம் தாரை தப்பட்டையை முழக்கியது.

துரை தன் துப்பாக்கியைப் பார்த்தார். குழலைத் தொட்டார். சில்லென்றிருந்தது. கீழே ஆடுகிற கூட்டத்தைப் பார்த்தார். அப்புறம் மீசையை முறுக்கிக்கொண்டார்.

"கிட்டப் போலாமா?" என்றார் இறங்கி வந்து.

"வேண்டாமுங்க தொரை! உசுரு அடங்கற நேரத்துல ஒரு அறை விட்டாலும் விடுமுங்க" என்றான் சென்றாயன்.

துரைக்கும் அதுவே சௌகரியமாக இருந்தது. தூரத்திலேயே நின்று, சிங்கத்தின்மேல் வைக்க வேண்டிய காலை ஒரு பாறைமேல் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

"தோலை உரிச்சுப் பங்களாவுக்கு அனுப்பி வைக்கிறேனுங்க" என்றார் மிட்டாதார்.

"நோ, நோ!" துரை பதறிப்போனார். "தோல் வேண்டாம். பாவம், அப்படியே புதைச்சிடுங்க."

குண்டு துளைக்காத தோலை அவர் யாரிடம் காட்டுவார்?

"என்ன கருணை! என்ன கருணை!" என்று மிட்டாதார் கும்பிட்டார். குழி தோண்டச் சென்றாயனை விட்டுவிட்டு எல்லோரும் ஊர்வலமாகக் கிளம்பினார்கள்.

அப்போதுதான் இருசாயி தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். சிங்கத்தின்மேல் விழுந்து ஒப்பாரி வைத்தாள். துரையின் வம்சத்தைச் சபித்தாள். சென்றாயனைச் சபிக்க வாயைத் திறந்தவள், அப்படியே நின்றுவிட்டாள். சிங்கத்தின் பிடரிக்குக் கீழே நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது.

"சர்க்கஸ் வித்தை புள்ள. வெடிச் சத்தம் கேட்டா செத்து விழுவாரு. நான் எந்திரிங்க சாமின்னு சொன்னாத்தான் எந்திரிப்பாரு. பழைய பாடம் மறந்திருக்குமோன்னுதான் நேத்தெல்லாம் வெடி போட்டுப் பழக்குனேன். இருட்டுனதும் மலைமேல திண்ணனூர் நாட்டுக்கு, உங்க அம்மாயி ஊட்டுக்கே கூட்டிக்கிட்டுப் போயிரலாம்."

இருசாயி அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் விழித்தாள்.

சென்றாயன் பாதையை எட்டிப் பார்த்துவிட்டு அவசரமாகக் கிசுகிசுத்தான்: "நிறுத்தாத புள்ள, இன்னும் சத்தமா அழு! தொரை திரும்பிப் பாக்கறாரு!"