ஏழு போதாது

ஆலங்குடாக் கடற்காற்று நீலத் தரையெங்கும் மணலை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. மட்டையால் பந்தடிக்கும் பெடல் திடலின் கண்ணாடிச் சுவரில் மாலை வெயில் தகதகக்கிறது. சுவருக்கு வெளியே ஃபாஹிமும் அவன் கூட்டாளிகளும் மட்டைகளோடு நிற்கிறார்கள். நாலு மணியிலிருந்து ஐந்துவரைதான் பெண்களுக்கு. ஐந்தும் ஆகிவிட்டது. உள்ளே றுஷ்னாவின் சோடியும் றீற்றாவின் சோடியும் ஆட்டக் கணக்கில் ஆறுக்கு ஆறு என்று முட்டி, அதைத் தீர்க்க ஆடும் டை-பிரேக்கிலும் ஆறுக்கு ஆறு என்றே நிற்கின்றன. பக்கம் மாறும்போது ஃபாஹிம் கண்ணாடியை மட்டையால் தட்டுகிறான். "இன்னும் ஒரு புள்ளிதானே. ஏழு வந்த ஒடன வெளிய வாங்க."

றுஷ்னா அவனைப் பார்க்காமலே தலைத்துணியின் ஊசியைக் கழற்றி இறுக்கிக் குத்துகிறாள். றீற்றா பந்தைத் தரையில் ஒருதரம் குத்தி, இடுப்புக்குக் கீழே வைத்து அடிக்கிறாள். அது றுஷ்னாவின் மட்டைக்குத் தப்பி, பின்கண்ணாடியில் பட்டு மூலையில் சோர்ந்து விழுகிறது. ஏழுக்கு ஆறு.

கதவு கிறீச்சிடுகிறது. ஃபாஹிமின் ஒரு சப்பாத்துக் கால் உள்ளே வந்துவிட்டது. ஒரு புள்ளி முன்னுக்கு நிற்பவள் றீற்றா; அவள் போதும் என்றால் எல்லாம் முடிந்தது.

றீற்றா புறங்கையால் நெற்றியைத் துடைக்கிறாள். "காலை எடும் தம்பி. ரெண்டு புள்ளி கூட எடுத்தாத்தான் வெற்றி. அதுவரைக்கும் ஒருத்தரும் வெளியில வரமாட்டம்."

றீற்றாவின் பக்கமிருந்து இன்னொரு பந்து வலைக்கு மேலால் வருகிறது. "அடி றுஷ்னா, இப்ப உன்ட சேர்வ்."

அந்தச் சப்பாத்து வெளியே போகும்வரை றுஷ்னா பந்தைத் தரையில் குத்திக்கொண்டே நிற்கிறாள்.