மாப்பிள்ளை மாற்றிய தண்ணீர்

வீட்டோடு மாப்பிள்ளையை அந்த வீட்டுப் பூனைகூட மதிக்காது. மாமனாரின் போர்வை ஆலையில் இந்த மாப்பிள்ளைக்கு மேனேஜர் பதவி. என்ன வேலை என்று அவருக்கே தெரியாது.

இப்போதுதான் ஒரு வாய்ப்பு வந்தது.

பாலியஸ்டர் போர்வைகளைக் கழுவி விடும் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் நார் ஆற்றில் கலக்கிறது, மீன் வயிற்றில் எல்லாம் அதுதான் என்று புகார். ஆய்வுக்கூடத்து மேடம் வந்து, ஆலையின் கழிவுக் குழாயில் ஒரு கண்ணாடிப் பாட்டில் நிறையப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். நார் இருந்தால் ஆலைக்குப் பூட்டுதான்.

"உங்கப்பாகிட்ட மூச்சு விடாத. காரியத்தை முடிச்சிட்டு நானே சொல்லிக்கிறேன்" என்றார் மனைவியிடம்.

"நீங்க உருப்படியா முடிச்ச காரியம் ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம்" என்றாள் அவள்.

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரம். தலையில் தொப்பி, தோளில் தண்ணீர் கேன். ஆய்வுக்கூட வாசலில் இருந்தவர், "உள்ள வெச்சிட்டுப் போப்பா" என்று வழிவிட்டார். உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை. ஆலையின் பெயர் ஒட்டிய பாட்டிலைத் திறந்து தொட்டியில் கவிழ்த்தார். கேனிலிருந்து நிரப்பினார், மூடினார், கிளம்பினார். வழியெல்லாம் சீட்டிதான்.

வாரக் கடைசியில் மேடம் பூட்டோடு வந்தார்.

"என் சர்வீஸ்ல இவ்வளவு நாரைப் பார்த்ததே இல்ல சார். அத்தனையும் உங்க போர்வை நார்" என்றார். கதவைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டுப் போனார்.

மாமனார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"இருக்கவே முடியாது மாமா. அந்தப் பாட்டில் தண்ணியையே நான் மாத்திட்டேனே. மலையடிவாரம் வரைக்கும் போய் ஆத்துல மொண்டு வந்தேன். தூசி தும்பு இருக்கக் கூடாதுன்னு, நம்ம புதுப் போர்வையை நாலா மடிச்சு ரெண்டு தடவை வடிகட்டி..."

மாமனார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். திட்டக்கூடத் தெம்பில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மாப்பிள்ளை" என்றார்.

"அந்தம்மா வர்றது தெரிஞ்சு, கழிவை நிறுத்திட்டு, அந்தக் குழாயில சுத்தமான கிணத்துத் தண்ணியைல்ல நான் திறந்து விட்டிருந்தேன்."